தமிழிலிருந்து தமிழுக்கு: கோச்சிக்குள் மூன்று நாள் சவுண்ட்

1. வெங்காயமும் சந்தோஷமும்

கோச்சி சுன்னாகம் ஸ்ரேசனை விட்டு வெளிக்கிட்டு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. எங்கள் பக்கத்தில் ரயிலுக்குக் கோச்சி என்றுதான் பெயர். காங்கேசன்துறையில் காலையில் புறப்படும் வண்டி அது. ஜன்னலோரம் சென்னையிலிருந்து வந்த நடிகர் ஒருவர் இருக்கிறார். எதிரே வெங்காயத் தோட்டமும் மரக்கறி வியாபாரமும் செய்யும் பரமேஸ்வரி என்ற பெண். கமரா ஓடுகிறது. நான் இரண்டு இருக்கை தள்ளி, மடியில் ஒலிப்பதிவு மிக்சரும் காதில் ஹெட்போனுமாக இருக்கிறேன்.

நடிகர் கேட்டார்: "இந்த வருஷம் விவசாயம் எல்லாம் எப்படிம்மா?"

"அதையேன் கேக்கிறியள்? கிண்டுற நேரம் பாத்து மழை. அரைவாசி வெங்காயம் நிலத்துக்குள்ளையே அழுகிப் போச்சு. விதைக்கும் மிஞ்சேல்லை" என்றார் பரமேஸ்வரி.

நடிகர் இரண்டு கையையும் கூப்பினார். திரையில் நாங்கள் பார்த்துப் பழகிய அந்தப் பெரிய சிரிப்பைச் சிரித்தார்.

"ஆஹா! ரொம்ப சந்தோஷம்மா! இதே மாதிரி வருஷா வருஷம் நடக்கணும்!"

 என் ஹெட்போனில் கோச்சிச் சில்லுகள் உருளும் சத்தம் மட்டும் ஓடியது.

"என்ன? வருசா வருசம் அழுகவேணுமோ?" என்றார் பரமேஸ்வரி. சேலைத் தலைப்பில் நான் குத்தியிருந்த லேபல் மைக்கைக் கழற்றி இருக்கையில் வைத்தார். "உங்கடை படத்திலை என்ரை முகம் வரக்கூடாது. சொல்லிப்போட்டன்."

பின்னால் இருந்த ஒருவர், கேலி செய்கிறார் என்று நினைத்து எழும்பினார். "உவருக்கு எங்களைப் பாத்தால் பகிடியா கிடக்கோ?"

நடிகருக்கு ஏதோ பிழைத்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. என்ன பிழை என்று தெரியவில்லை. சிரிப்பை முகத்திலிருந்து எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். டைரக்டர் "கட்" என்றார். பரமேஸ்வரி தன் கூடைகளை இழுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

எங்களுக்குக் கோச்சிக்குள் படம் எடுக்க அனுமதி மூன்று நாளைக்குத்தான். அதில் முதல் நாள் இப்படித் தொடங்கியது.

2. நான் யார், அவர்கள் யார்

நான் வல்வெட்டித்துறைக்காரன். பெயர் ரவி. கோயில் திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் கட்டித் தொழில் தொடங்கினேன். பிறகு கல்யாண வீடியோ. பிறகு வெளியிலிருந்து வரும் ரெலிவிசன்காரருக்கு உள்ளூர் சவுண்ட்மேன். ஒலிப்பதிவு பழக வரும் பிள்ளைகள் "அண்ணை, உங்கடை அனுபவத்தை எழுதுங்கோ" என்று கேட்டதால் இதை எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

போரில் மூடிய ரயில்பாதை திரும்பவும் திறந்து கோச்சி வரத் தொடங்கிய நாளிலிருந்து எங்களைத் தேடி ரயில் பயண நிகழ்ச்சிக்காரரும் வரத் தொடங்கினார்கள். ஒருமுறை பேர்பெற்ற சமையல்காரர் வந்தார். ஒருமுறை விளையாட்டை விட்ட கிரிக்கெட் வீரர். ஒருமுறை வெள்ளைக்கார நடிகை ஒருத்தி தொப்பி பறக்காமல் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். எல்லோருக்கும் ஒரே பட்டியல்தான். பனை எடு, நாவற்குழிப் பாலம் எடு, ஆனையிறவில் தண்ணீர் எடு, தோட்டத்தில் நிற்கிற சனம் கை காட்டுவதை எடு. எங்கள் சனம் கை காட்டுவதோடு சரி. தப்பித்தவறி ஒருவர் கதைத்தாலும், படம் வெளியாகும்போது அவருடைய குரலுக்கு மேலே வேறு மொழியில் இன்னொரு குரல் ஏறி இருக்கும்.

அதனால் சென்னையிலிருந்து ஒரு தமிழ் நிகழ்ச்சி வருகிறது, அதில் தொகுப்பாளர் பயணிகளோடு இருந்து கதைக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷம். எங்கள் சனத்தின் குரல் அப்படியே போகும் என்று நினைத்தேன்.

நடிகரின் பெயர் தேவசிகாமணி. அறுபது தாண்டியவர். முதலில் வில்லன், பிறகு கதாநாயகனின் அப்பா. எல்லோரும் சிகாமணி சார் என்பார்கள், எங்கள் வாயில் அது சேர். நல்ல மனிதர். காங்கேசன்துறை ஸ்ரேசனில் செல்ஃபி எடுக்க வந்த ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் வாய் ஓயாது. வான் வண்டியில் ஏறினால் இறங்கும்வரை கதை. எம்.ஜி.ஆர். காலத்துக் கதை சொல்லுவார், குதிரையிலிருந்து விழுந்த கதை சொல்லுவார். இடையில் நாங்கள் ஏதும் சொல்ல இடமே இராது. சந்தோஷமான ஆள் என்று நினைத்தேன்.

டைரக்டர் கிஷோர் முப்பது வயதுப் பொடியன். இதுதான் அவன் செய்யும் முதல் தொடர். யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் கோச்சி நின்றபோது அவன் சிகாமணி சாருக்குப் பக்கத்தில் போய் இருந்தான்.

"சார், என்ன ஆச்சு? வெங்காயம் அழுகிப்போச்சுன்னு அவங்க சொல்றாங்க, நீங்க சந்தோஷம்னு சொல்றீங்க."

சிகாமணி சாருக்கு முகம் செத்துப்போயிற்று. "அப்படியா சொன்னாங்க? ஐயையோ. தம்பி, இவங்க தமிழ் எனக்குப் புரியலப்பா. வேற மாதிரி இருக்கு. வேகமாவும் பேசுறாங்க."

கிஷோர் உடனே நம்பினான். அவனுக்கே எங்கள் தமிழ் பாதிதான் விளங்கிக்கொண்டிருந்தது. நானும் நம்பினேன். அவன் எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னான்:

"ஓகே. மக்கள்கூட பேசுற சீன் எல்லாம் வேணாம். சார் ஜன்னல் ஓரமா தனியா உக்காந்து பேசட்டும். மீதிக்கு ட்ரோன் ஷாட் போட்டுக்கலாம்."

திரும்பவும் பனையும் பாலமும் கை காட்டும் சனமும்.  சவுண்ட்மேன் டைரக்டரின் வேலையில் வாய் வைக்கக்கூடாது என்று நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன். அன்றைக்கு நானே வாய் வைத்தேன்.

"தம்பி, ஒரு நாள் பொறுங்கோ. நான் சேருக்குப் பக்கத்திலை இருந்து மொழிபெயர்த்துச் சொல்லுறன்."

"தமிழுக்குத் தமிழா, ரவிண்ணா?"

கமராக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் கிஷோர் யோசித்துவிட்டு, "சரி, நாளைக்கு ஒரு நாள் பாப்போம்" என்றான்.

3. 'பேசினால்' கோபம் வரும்

இரண்டாம் நாள் நாவற்குழிப் பாலம் நன்றாகத் தெரியவேண்டும் என்று கமராக்காரர் இருக்கையை மாற்றினார். முதல் நாள் சிகாமணி சாருக்கு இடது கைப்பக்கம் ஜன்னல். இன்றைக்கு வலது கைப்பக்கம் ஜன்னல். இடது பக்கத்து இருக்கையில், படத்துக்குள் விழாத அளவுக்குச் சரிந்துகொண்டு நான் இருந்தேன்.

எதிரே கொழும்புத்துறை மீனவர் மரியதாஸ். கிளிநொச்சியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறார். மடியில் ஓலைப்பெட்டி நிறையக் கருவாடு.

சிகாமணி சார் அன்பாகத் தொடங்கினார். "ஐயா, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

மரியதாஸ் என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, இவர் என்னைப் பேசப்போறார்? நான் என்ன பிழை செய்தனான்?"

எங்களூரில் பேசுவது என்றால் ஏசுவது. அன்பாகச் செய்வதற்குக் கதைப்பது என்று பெயர். நான் மரியதாசுக்கு ஒருமுறை விளங்கப்படுத்தி, பிறகு சாரின் காதுக்குள் ஒருமுறை விளங்கப்படுத்தினேன். சார் தொடையில் தட்டிச் சிரித்தார். "அப்போ நேத்து ஸ்டேஷன்ல ஒரு பொண்ணுகிட்ட, 'உங்க அப்பாகிட்ட பேசணும்'னு சொன்னேனே! அதான் ஓடிப்போச்சு!"

அதற்குப் பிறகு வேலை சுகமாக ஓடியது. மரியதாஸ் 'வெளிக்கிட்டு' என்றால் நான் 'கிளம்பி' என்பேன். அவர் 'ஒருக்கா' என்றால் நான் 'ஒரு தடவை' என்பேன். சார் பொருத்தமாகப் பதில் சொன்னார். கிஷோர் தூரத்திலிருந்து கட்டை விரலைக் காட்டினான். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது. இவ்வளவு காலமும் ஒருவரும் கண்டுகொள்ளாத சவுண்ட்மேன், இப்போது சினிமா நடிகருக்கு வாயும் காதுமாக இருக்கிறான் என்று.

பாலத்துக்கு ஏறும்போது ஒலி அளவு காட்டும் மீற்றர் மேலே பாயத் தொடங்கியது. பாலத்தில் இரும்புச் சத்தம் அதிகம். நான் கெயினைக் குறைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் மரியதாஸ் ஜன்னலால் கடலைக் காட்டிச் சொன்னார்: "காத்து மாறினாப் பிறகுதான் உதிலை இறால் படும். இப்ப வலையோடை போறது வீண் மினைக்கேடு."

என் கவனம் முழுக்க மீற்றரில். மொழிபெயர்க்க மறந்து, அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல், அச்சொட்டாக எங்கள் தமிழிலேயே சாரின் காதுக்குள் சொல்லிவிட்டேன்.

சார் உடனே கேட்டார்: "அப்போ காத்து மாறுற வரைக்கும் என்னங்க பண்ணுவீங்க?"

மரியதாஸ் பதில் சொல்லத் தொடங்கினார். என் கை, ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரில் அப்படியே நின்றுவிட்டது.

இவருக்கு எங்கள் தமிழ் விளங்குகிறது. நன்றாகவே விளங்குகிறது.

அடுத்த பதிலையும் வேண்டுமென்றே மாற்றாமல் சொல்லிப் பார்த்தேன். விளங்கியது. பிறகு எழும்பி, கேபிள் பார்ப்பதுபோல அவருடைய வலது பக்கம் ஜன்னல் ஓரமாகக் குனிந்து, சென்னைத் தமிழில் சாதாரணக் குரலில் கேட்டேன்: "சார், தண்ணி வேணுமா?"

அவர் திரும்பவில்லை. மரியதாசைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

என் அப்பா இழுவைப் படகில் எஞ்சின் பார்த்தவர். இருபது வருடம் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இருந்து ஒரு காது போய்விட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் கேட்காத காதைச் சுவரோடு வைத்து இருப்பார். மற்றவர் வாயைத் திறக்க முதல் தானே கதைக்கத் தொடங்குவார். தான் கதைத்துக்கொண்டிருக்கும்வரை ஒருவரும் தன்னிடம் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. எல்லோரும் சிரித்த பிறகு கொஞ்சம் பிந்திச் சிரிப்பார்.

இரண்டு நாளாகச் சிகாமணி சார் அதையேதான் செய்துகொண்டிருந்தார். காதால் பிழைக்கிற எனக்கு அது தெரியவில்லை.

4. கொடிகாமத்தில் குரொசிங்

ஒற்றைப் பாதை என்பதால் எதிரே வரும் கோச்சிக்கு வழிவிட எங்கள் கோச்சி கொடிகாமத்தில் நின்றது. சனம் இறங்கி நின்று கால் நீட்டியது. சிகாமணி சார் நடைமேடையில் ஒரு மர வாங்கில் தனியே இருந்தார். நான் போய் இடது பக்கம் இருந்தேன்.

"சேர், வலப் பக்கம் எவ்வளவு காலமா?"

"என்ன வலப் பக்கம்?"

"காது."

அவர் முகத்திலிருந்த கலகலப்பெல்லாம் போய்விட்டது. பழைய படங்களில் வில்லனாக வந்த அந்த முகத்தை அன்றுதான் நேரில் கண்டேன்.

"நீ சவுண்ட்மேன். சவுண்டைப் பாரு. என் காதைப் பார்க்காத."

எழும்பிக் கோச்சிக்குள் ஏறிவிட்டார். 'நீங்க' என்று கதைத்த மனிதர் 'நீ' என்றுவிட்டார். கேட்டது பிழையோ என்று எனக்கு மனம் அடித்துக்கொண்டது. கேட்ட விதம் பிழை என்று இப்போது நினைக்கிறேன். அறிமுகமில்லாத ஒருவர் வந்து என் அப்பாவிடம் அப்படிக் கேட்டிருந்தால் அப்பாவும் எழும்பித்தான் போயிருப்பார்.

பளை தாண்டியது. அடுத்த ஷாட் ஆனையிறவில். அதுவரைக்கும் வேலை இல்லை. சார் பெட்டியின் மற்றத் தொங்கலில், அந்த முனை வாசலுக்குப் பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். போனை எடுத்து இடது காதில் வைத்தார்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தொகுப்பாளரின் சட்டைக்குள் இருக்கும் வயர்லெஸ் மைக் அவர் எங்கே போனாலும் எங்களோடு கதைத்துக்கொண்டே இருக்கும். அவர் சாப்பிடுவது, தும்முவது, மனைவியோடு சண்டை பிடிப்பது எல்லாம் என் ஹெட்போனுக்குள் வரும். என் மிக்சரிலிருந்து இன்னொரு ஹெட்போன் டைரக்டருக்கும் போகும்.

சாரின் குரல் என் காதுக்குள் வந்தது:

"இந்த சவுண்ட்காரனுக்குத் தெரிஞ்சுபோச்சு, லட்சுமி. டைரக்டர்கிட்ட சொல்லிட்டான்னா இதோட என் கதை முடிஞ்சுது."

நிமிர்ந்து பார்த்தேன். மூன்று இருக்கை தள்ளி கிஷோர் தன் ஹெட்போனைக் கையில் எடுத்து, காதுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான்.

சாரின் ஃபேடரை அடிமட்டத்துக்கு இறக்கினேன். என் ஹெட்போனையும் கழற்றிக் கழுத்தில் போட்டேன்.

"ரவிண்ணா, சார் ஆடியோ வரல!"

"மைக் பற்றறி மாத்திறன் தம்பி. ரெண்டு நிமிசம்."

அவன் ஹெட்போனை மடியில் வைத்துவிட்டு ஷாட் பட்டியலைப் பார்க்கத் தொடங்கினான்.

சார் கதைத்து முடித்துப் போனைச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனார். விரல் மைக் வயரில் முட்டியது. இடுப்பிலிருந்த ட்ரான்ஸ்மிற்றரைத் திருப்பிப் பார்த்தார். லைற் எரிந்துகொண்டிருந்தது. அவர் முதலில் கிஷோரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

நான் மிக்சரை மடியிலிருந்து தூக்கி அவர் பக்கம் திருப்பினேன். இறக்கிய ஃபேடரை விரலால் தொட்டுக் காட்டினேன். கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் காட்டினேன். தலையை இல்லையென்று ஆட்டினேன்.

அவர் மெல்ல நடந்து வந்தார். யோசித்து, தன் இடது பக்கம் நான் வரும்படி பார்த்து இருந்தார்.

"எவ்வளவு கேட்டீங்க?" திரும்பவும் 'நீங்க'.

"ஒரு வசனம். லட்சுமி எண்ட பேர் வரைக்கும்."

 பிறகு சொன்னார். பல வருடங்களுக்கு முன் ஒரு சண்டைக் காட்சியில் வெடி காதுக்குப் பக்கத்தில் வெடித்தது. வலது காது அன்றே போய்விட்டது. இடதும் இப்போது குறைந்துகொண்டு வருகிறது. மனைவி லட்சுமியையும் வீட்டாரையும் தவிர ஒருவருக்கும் தெரியாது.

"படத்துல எப்பிடி சேர் சமாளிக்கிறனீங்கள்?"

"படத்துல என்னங்க கஷ்டம்? எதிர்ல நிக்கிறவன் என்ன சொல்லப் போறான்னு பேப்பர்ல இருக்கு. வாய் அசைஞ்சு நின்னா நான் என் டயலாக்கைச் சொல்லுவேன். இங்கதான் மாட்டிக்கிட்டேன். அந்த அம்மா என்ன சொல்லப் போறாங்கன்னு எந்தப் பேப்பர்ல இருக்கு?"

"கேக்கிற மிசின் போடலாமே."

"போட்டா அப்பா வேஷம் போய் தாத்தா வேஷம் வரும். அப்புறம் அதுவும் வராது."

ஆனையிறவின் தண்ணீரும் உப்புப் பாத்திகளும் ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தன. கமராக்காரர் மற்ற ஜன்னலால் அதை எடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் அன்று அதைப் பார்க்கவே இல்லை.

5. "ரீ குடிச்சிட்டியளோ?"

அன்று பின்னேரம் யாழ்ப்பாணத்து விடுதியில் ஒரு சின்ன வேலை பார்த்தேன். மேடை நிகழ்ச்சிகளில் அறிவிப்பாளருக்குப் போடும் இயர்பீஸ் ஒன்று என் பெட்டியில் இருந்தது. தோல் நிறம், காதுக்குள் வைத்தால் வெளியே தெரியாது. பயணியின் மைக்கில் வருவதை நேராக அந்த இயர்பீசுக்குள் அனுப்பும்படி இணைத்தேன்.

சாரின் இடது காதில் அதை வைத்துவிட்டு, நான் மைக்கோடு விடுதி நடையின் மற்றத் தொங்கலுக்குப் போனேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாக, சுத்த வல்வெட்டித்துறைத் தமிழில் கேட்டேன்:

"சேர், ரீ குடிச்சிட்டியளோ?"

"இன்னும் இல்ல. நீங்கதான் வாங்கித் தரணும்!" என்று அங்கிருந்து குரல் வந்தது.

பிறகு அவர் ஒன்று கேட்டார். இரண்டு நாளும் நான் பதிந்த வெறும் சத்தம், அதாவது ஆட்கள் கதைக்காத கோச்சிச் சத்தம் இருக்கிறதா என்று. நாங்கள் அதை ஆம்பியன்ஸ் என்போம், எடிற்றிங்குக்காக எப்போதும் பதிந்து வைப்போம். போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வாய் ஓயாத அந்த மனிதர் நாலைந்து நிமிடம் ஒரு சொல் கதைக்கவில்லை.

"நடுவுல ஒரு குயில் கூவுது."

"ஓம் சேர். இணுவில் பக்கம். கோச்சி மெதுவாப் போகேக்கை விழுந்தது."

"ரெண்டு நாளா நானும் ஜன்னல் ஓரமாதானே உக்காந்திருந்தேன்" என்றார்.

கிஷோரிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். "உங்க மொழிபெயர்ப்பு காதுக்குள்ள வர்றதுக்குன்னு சொல்லுங்க" என்றார். அப்படியே சொன்னேன். அதில் பாதி பொய் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன்.

6. பரமேஸ்வரி குரல் எடுத்தது

மூன்றாம் நாள் சுன்னாகத்தில் பரமேஸ்வரி ஏறினார். கிழமைக்கு மூன்று நாலு நாள் சுன்னாகம் சந்தையில் கத்தரிக்காயும் மிளகாயும் வாங்கிக்கொண்டுபோய்ப் பளையில் விற்பவர் அவர். அன்றைக்கு மற்றப் பெட்டிகளில் இடம் இல்லை. எங்களைக் கண்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தார்.

கிஷோர் மெல்லச் சொன்னான், "அவங்களை விட்டுடலாம் சார். அங்க ஒரு காலேஜ் பையன் இருக்கான்."

சிகாமணி சார் அதைக் கேட்கவில்லை. இம்முறை கேட்காதது காதால் அல்ல. எழும்பி நேராகப் பரமேஸ்வரியின் முன்னால் போய் நின்றார். கமராக்காரர் பழக்கத்தில் கமராவை அவர் பக்கம் திருப்பினார். அவசரத்தில் பரமேஸ்வரிக்குக் குத்த மைக் இல்லை. நான் நீளக் கம்பில் மாட்டிய பூம் மைக்கை எடுத்து அவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு, அதை இயர்பீசுக்குத் திருப்பிவிட்டேன்.

"அம்மா, முந்தாநாள் நீங்க வெங்காயம் அழுகிப்போச்சுன்னு சொன்னீங்க. நான் சந்தோஷம்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்கணும்."

"அது பரவாயில்லை. எங்கடை தமிழ் உங்களுக்கு விளங்காது எண்டு சொல்லிச்சினம்." பரமேஸ்வரி இன்னும் முகத்தைத் திருப்பவில்லை.

"அது பொய்ம்மா. உங்க தமிழ் எனக்கு நல்லாவே புரியும். எனக்கு இந்தக் காது கேக்காது. இந்தக் காது பாதிதான் கேக்கும். வெளில சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு உங்க தமிழ் மேல பழியைப் போட்டுட்டேன்."

கிஷோரின் கையிலிருந்த பேப்பர்கள் அப்படியே நின்றன. பெட்டிக்குள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

பரமேஸ்வரி இப்போது திரும்பினார். மேலும் கீழும் பார்த்தார்.

"அட கடவுளே! அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே! நான் கத்திச் சொல்லியிருப்பனே! சந்தையிலை நிக்கிற எனக்குக் கத்துறது என்ன புதிசே?"

இதைச் சொல்லிவிட்டு, கையை வாயோரம் வைத்து, சந்தை ஏலத்தில் எடுக்கிற குரலை எடுத்தார்.

"வெங்காயம்! அழுகிப்! போச்சு!"

என் மீற்றரில் சிவப்பு லைற் முழுக்க எரிந்தது. சிகாமணி சார் காதைப் பொத்திக்கொண்டு துள்ளிப் பின்வாங்கினார்.

"அம்மா! அம்மா! மெதுவா! இன்னைக்கு மிஷின் போட்டிருக்கேன், எல்லாம் கேக்குது!"

பெட்டி முழுக்கச் சிரித்தது. முதல் நாள் "உவருக்குப் பகிடியோ" என்று எழும்பிய அதே மனிதர் அன்றும் அங்கே இருந்தார். அவர்தான் எல்லோரிலும் பலமாகச் சிரித்தார். பரமேஸ்வரி கூடையைத் தள்ளி இடம் விட்டார். சார் பக்கத்தில் இருந்தார். மழை எப்போது வந்தது, எத்தனை கன்று வைத்தது, விதை வெங்காயத்துக்கு இனி என்ன செய்வது என்று பளை வரைக்கும் இருவரும் கதைத்தார்கள். நான் ஒரு சொல்லும் மொழிபெயர்க்கவில்லை. இறங்கும்போது பரமேஸ்வரி ஒரு பை கத்தரிக்காயை அவர் மடியில் வைத்து, "இதைப் படத்திலை போடுங்கோ. என்ரை முகத்தையும் போடுங்கோ" என்றார்.

கிஷோர் என்னிடம் வந்தான். முகம் சரியில்லை.

"ரவிண்ணா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நேற்றுத்தான் தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல? நான் டைரக்டர் இல்லையா?"

"அது அவரின்ரை காது, தம்பி. அவர்தான் சொல்லவேணும்."

அவன் கோபத்தோடு ஷாட் பட்டியலைக் கசக்கினான். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. பிறகு டைரக்டர் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டான்:

"அந்த டேக்ல சவுண்ட் கிளீனா இருக்கா?"

"அவ கத்தின இடம் மட்டும் உடைஞ்சு போச்சு."

"உடைஞ்சதையே வெச்சுக்கலாம்" என்றான்.

நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது அந்த உடைந்த சத்தத்தோடுதான் போனது. பரமேஸ்வரி கத்துவதை ஆட்கள் போனுக்கு ரிங்ரோனாகவே வைத்துவிட்டார்கள். பளைச் சந்தையில் அவரைக் கண்டால் சிறிசுகள் வெங்காயம் அழுகிப்போச்சு என்று கத்துமாம். சிகாமணி சார் தொடரின் மிச்சப் பகுதிகளில் காதுக்குப் பின்னால் மிசின் தெரியத்தான் வந்தார். தாத்தா வேஷம் வந்ததா என்று ஒருநாள் போனில் கேட்டேன். "வந்துச்சு. ஆனா ஹீரோவே தாத்தாதான்!" என்று அந்தப் பெரிய சிரிப்பைச் சிரித்தார். பிந்தாத சிரிப்பு.

7. பழக வரும் பிள்ளைகளுக்கு

நீங்கள் மைக் பிடிப்பதும் மீற்றர் பார்ப்பதும் ஒரு மாதத்தில் பழகிவிடுவீர்கள். தொகுப்பாளர் தனிப்படக் கதைக்கும்போது ஃபேடரை இறக்கவேண்டும் என்பதையும் யாராவது சொல்லித் தருவார்கள். நான் சொல்ல விரும்புவது வேறு ஒன்று.

ஒருவருக்கு நாங்கள் சொன்னது போய்ச் சேரவில்லை என்றால் உடனே விளங்கப்படுத்தத் தொடங்கிவிடுகிறோம். சொல்லை மாற்றுகிறோம், பாஷையை மாற்றுகிறோம், அவருக்கு அறிவில்லை என்றோ எங்களில் மதிப்பில்லை என்றோ முடிவு கட்டுகிறோம். அவருக்கு அது கேட்டதா என்று மட்டும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் தமிழைத் தமிழாக்கிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது எந்தப் படப்பிடிப்புக்குப் போனாலும், பெரிய நடிகரோ, சமையல்காரரோ, ஊர்த் தலைவரோ, மைக் குத்த முன் ஒரு கேள்வி கேட்பேன். வானிலை கேட்பது போல, சாதாரணமாக, எல்லோரிடமும் ஒரே மாதிரி: "எந்தக் காது உங்களுக்கு வசதி?"

பலர் சிரித்துவிட்டு "ரெண்டும்தான்" என்பார்கள். ஆனால் இடைக்கிடை ஒருவர் சிரிக்கமாட்டார். அறைக்குள் வேறு ஆட்கள் நிற்கிறார்களா என்று ஒருமுறை பார்ப்பார். பிறகு ஒன்றும் சொல்லாமல் ஒரு காதைத் தொட்டுக் காட்டுவார். நான் அந்தப் பக்கம் போய் இருப்பேன்.